காலி நாற்காலிக்குத் தலையாட்டுதல்

தலையை ஆட்டு என்கிறார் இன்பராஜ் சார். ஆட்டுகிறேன். எதிரில் ஒருவரும் இல்லை. தாளாளரின் அறையிலிருந்து கொண்டுவரப்பட்ட, உயர்ந்த முதுகுள்ள நாற்காலி ஒன்று இருக்கிறது. அதன் முதுகில், உட்கார்ந்த மனிதரின் கண் இருக்கவேண்டிய உயரத்தில், ஒப்பனைப் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அவர் ஒட்டியிருக்கிறார். அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் நான் தலையாட்ட வேண்டும். வியப்போடு ஒருமுறை, இரக்கத்தோடு ஒருமுறை, எதுவும் தோன்றாதவள்போல் ஒருமுறை. எங்கள் பள்ளியிடம் இருப்பது ஒரே ஒரு கேமரா. ஆகவே முதலில் விருந்தினரை மட்டும் படம்பிடித்துக்கொண்டு, அவரை அனுப்பிவிட்டு, பிறகு கேள்வி கேட்டவளைத் தனியே உட்காரவைத்து, கேட்ட கேள்விகளையே மறுபடியும் கேட்கச் சொல்லி, முடிந்துபோன பதில்களுக்குத் தலையாட்டச் சொல்லி, இரண்டையும் வெட்டி ஒட்டிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு இருவரும் முகத்துக்கு முகம் பேசிக்கொண்டிருந்ததுபோலவே தோன்றும். ஒரே கேமரா உள்ள இடத்தில் எல்லாம் இப்படித்தான் என்று ஊடகப் பயிற்சியின் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். என்ன அருமையான வித்தை என்று அன்று அதைக் குறிப்பேட்டில் எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் இட்டேன். அந்தக் கோட்டை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மின்விசிறியின் ஓசை ஒலிவாங்கியில் விழும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமைப் பிற்பகல் மூன்று மணி. நூலகத்தின் சன்னல்களையெல்லாம் விளையாட்டு விழாவுக்கு வாங்கிய நீலத் துணியால் மூடியிருக்கிறார்கள். துப்பட்டாவில் குத்திய ஒலிவாங்கியின் கம்பி முதுகுவழியே இறங்கி வியர்வையில் ஒட்டிக்கிடக்கிறது; யாரோ விரலால் ஒரு கோடு இழுத்து, இழுத்த விரலை எடுக்காமலே நிற்பதுபோல. “ஏட்டி, பூம்பூம் மாடு மாதிரி ஆட்டாத. கொஞ்சம் மெதுவா,” என்கிறாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஷிபானா. “ஷிபானா, வாயை மூடிட்டு போகஸைப் பாரு,” என்கிறார் சார். பூம்பூம் மாடு. சரியாகத்தான் சொன்னாள். மாட்டுக்காவது மேளச் சத்தம் கேட்கும்.

இந்த நாற்காலியில் அரை மணிக்கு முன்புவரை முப்புடாதியம்மாள் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதுகூடத் துல்லியமான சொல் அன்று. நாற்காலியின் விளிம்பில், எழுந்து ஓடத் தயாராக இருப்பவர்போல், நாலு விரல் அகலத்துக்கு மட்டும் தம்மை வைத்திருந்தார். முப்பத்தோர் ஆண்டுகள் இந்தப் பள்ளியின் வகுப்பறைகளைப் பெருக்கியவர். முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் கழிவறைகளைக் கழுவியவர். இந்த நாற்காலியை எத்தனை ஆயிரம் முறை துடைத்திருப்பார், இன்றுதான் முதன்முறையாக உட்கார்ந்தார். வரும் வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி நிறைவு விழா. அந்த விழாவில் திரையிடுவதற்காகத்தான் இந்த நேர்காணல். பிறகு பள்ளியின் வலைத்தொலைக்காட்சியில் ஏற்றுவார்கள். அதன்பின் மாவட்ட மாணவ இதழியல் போட்டிக்கு அனுப்புவார்கள். நான்தான் கேள்வி கேட்கவேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பில் உள்ள நாற்பத்திரண்டு பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், உச்சரிப்புக்காக. எனக்கு ழகரம் வரும். எனக்குச் செய்தி வாசிப்பவரின் தமிழ் வரும்; எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய தமிழ். கோபம்கூட எனக்கு அந்தத் தமிழில்தான் வருகிறது, எழுவாய் பயனிலையோடு, மூச்சுவிடும் இடங்களோடு. இதோ இப்போது வருகிறது. நேயர்களே, ஒரு காலி நாற்காலி என் கண் முன்னால் இருக்கிறது, அதன் காலில் ஒரு துளி ஈரம் இருக்கிறது, தம்முடைய ஈரக்காலோடு நூலகத்துக்குள் வரக்கூடாது என்று நினைத்து முப்புடாதியம்மாள் சேலைத் தலைப்பால் பாதத்தைத் துடைத்துவிட்டு வந்தும் மிஞ்சிய ஈரம் அது, அதில் பினாயில் மணக்கிறது.

“கோமதி, கண்ணு பொட்டுல இருக்கட்டும். கீழ பார்க்காத,” என்கிறார் சார். பொட்டைப் பார்க்கிறேன். இன்பராஜ் சார் முன்பு எங்கள் ஊர் கேபிள் தொலைக்காட்சியில் உள்ளூர்ச் செய்தி வாசித்தவர். கெட்டவர் அல்லர், அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். ஒலிவாங்கியை எந்தப் பக்கம் பிடிப்பது, மூச்சு எங்கே நிறுத்துவது, வயதானவர்களிடம் பேசும்போது நாம் தாழ உட்கார வேண்டும் என்பதுவரை பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர். நேர்காணலுக்கு முன்பு விருந்தினரைத் தனியே சந்தித்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். பழகினால்தான் மனம் திறப்பார்கள் என்றார். மனம் என்ன தகரப் பெட்டியா, திறப்பதற்கு? அன்று எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அன்று அதையும் எழுதிக்கொண்டேன். அதற்கு அடுத்த வகுப்பில்தான் மௌனத்தைப் பற்றிச் சொன்னார். பலகையில் பெரிதாக ‘10’ என்று எழுதினார். “கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிரணும். மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணு. எதிர்ல இருக்கவங்களால சும்மா இருக்க முடியாது. மௌனத்தைத் தாங்க முடியாதவன்தான் முதல்ல பேசுவான். முதல்ல பேசுறவன் தோத்தான். அவன் பேசுறதுதான் நமக்குச் சோறு.” வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் தம்பியிடம் சோதித்தும் பார்த்தேன்: பென்சிலை எடுத்தது யார் என்று கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணினேன், ஆறிலேயே அழுதுவிட்டான். அது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. ஆறு என்று குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

“இன்னொண்ணு. இப்ப இரக்கம்,” என்கிறார். இரக்கம். தலையை இடப்பக்கமாகச் சற்றே சாய்த்து, உதட்டை மூடி, மெல்ல. வியாழக்கிழமை மாலை உண்மையாகவே இப்படித் தலையாட்டினேனா? பின்கட்டுக் குழாயடியில் முப்புடாதியம்மாள் துடைப்பான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் தாழ உட்கார்ந்தேன், சொல்லிக்கொடுத்தபடி. “என்ன தாயி, யூனிபாரம் நனையுதுல்லா, தள்ளி உக்காரு,” என்றார். பழகினேன். ஊர், பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் கேட்டேன். ஒரே மகள், பொன்செல்வி, தூத்துக்குடியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். உங்கள் மகளும் நம் பள்ளியில்தான் படித்தாரா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன், அடுத்த கேள்விக்குப் போகிற வேகத்தில். துணியைப் பிழிந்த கை நின்றது. ஆறாம் வகுப்பில் சேர்க்க மூன்றுமுறை கேட்டாராம். அன்றைய தலைமையாசிரியை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். ஆனால் அன்பாகத்தான் பேசினாராம். “‘நீ கழுவுத கக்கூசுக்குத்தான முப்புடாதி உன் பிள்ளையும் வருவா, மத்த பிள்ளைக அவளைக் கேலி பண்ணாதா, உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்’னாக. நானும் சரிங்கம்மான்னு வந்துட்டேன். வீட்டுல போயி பிள்ளைட்ட என்னன்னு சொல்ல? உனக்கு அங்க எடம் இல்லன்னா அது மனசு ஒடைஞ்சுரும். ‘நான் கேக்கவே இல்லட்டி, எனக்கு வெக்கமா இருக்கு, நீ அங்க வரக்கூடாது’ன்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவ என்மேலதான் கோவமா இருக்கா. இருக்கட்டும். பள்ளிக்கூடத்து மேல கோவப்பட்டிருந்தா படிப்பு மேலயும் கோவம் வந்துருக்கும்லா.” பிறகு துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்து, “இதை எழுதாத தாயி. அங்க வச்சுக் கேக்கவும் கேக்காத,” என்றார். நான் தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன். இரக்கத்தோடு, இடப்பக்கமாகச் சாய்த்து, உதட்டை மூடி. இதே தலையாட்டல்தான். அன்றிரவே எழுதினேன்.

எழுதியதை வெள்ளிக்கிழமை முழுவதும் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். யாரிடமும் காட்டவில்லை. சார் ஒப்புதல் அளித்த கேள்விகள் பத்து, பத்தும் சருக்கரை. காலையில் எத்தனை மணிக்கு வருவீர்கள், மாணவிகள் உங்களிடம் அன்பாக இருப்பார்களா, மறக்க முடியாத ஆண்டு விழா எது. அவரும் பத்துக்கும் சருக்கரையாகவே பதில் சொன்னார். “எல்லாரும் என் பிள்ளைகதான். யாரும் ஒரு சொல்லு சொன்னதில்ல.” ஒவ்வொரு பதிலையும் ஷிபானா தனித்தனித் துண்டாகப் பதிவு செய்தாள். பத்தும் முடிந்தன. சார் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லப்போகிற நேரத்தில் நான் பதினோராவது கேள்வியைக் கேட்டேன்: “உங்கள் மகளை ஏன் இந்தப் பள்ளியில் சேர்க்கவில்லை?” ழகரம் இல்லாத கேள்வி. ஆனாலும் அழகாகக் கேட்டேன். ஏன் கேட்டாய் என்று என்னை நானே இந்த அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மை வெளியே வரட்டும் என்று கேட்டேன் என முதலில் சொல்லிக்கொண்டேன். அநீதி வெளிச்சத்துக்கு வரட்டும் என்று கேட்டேன் எனப் பிறகு சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய். போட்டியில் நடுவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. முப்புடாதியம்மாள் என்னைப் பார்த்தார். குழாயடியில் தலையாட்டிய பெண் இவள்தானா என்று சரிபார்ப்பதுபோல் பார்த்தார். நான்கு, ஐந்து. இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்வை என்னைவிட்டு விலகி என் தோளுக்குமேல் எங்கோ போனது. ஏழு. கண்ணில் நீர் திரண்டது. எட்டு, அது விழவில்லை, ஒன்பது, விழுந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை, கைகள் மடியில் இறுகக் கோத்திருந்தன. பத்து. நான் அதற்கு மேலும் வாய் திறக்கவில்லை. பத்துக்குமேல் எண்ணுவது எப்படி என்பதே எனக்கு மறந்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு அவர், “வேற ஏதாச்சும் கேளு தாயி,” என்றார். முதலில் பேசியவர் அவர். சட்டப்படி அவர் தோற்றார். பதிவுக் கடிகாரத்தைப் பார்த்து ஷிபானா பிற்பாடு சொன்னாள், பதினான்கு நொடி என்று.

திட்டுவார் என்று நினைத்தேன். சார் திட்டவில்லை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். முப்புடாதியம்மாள் வெளியே போனதும் ஓடிவந்து கேமராவின் சிறு திரையில் அந்தப் பதினான்கு நொடிகளை ஓட்டிப் பார்த்தார், இன்னொருமுறை ஓட்டினார், சப்புக்கொட்டினார், நல்ல மாம்பழத்தைக் கடித்தவர்போல. “நீ கேட்ட கேள்வி தப்பும்மா. லிஸ்ட்ல இல்லாத கேள்வி. ஆனா கிடைச்சது தங்கம். சும்மா ஒரு வார்த்தை பேசாம, கண்ணுல தண்ணி மட்டும். யாருக்கு வரும் இது?” பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நூலக அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். என் மடியில் இருக்கிறது அந்த அட்டை. ‘முப்பத்தோர் ஆண்டுகளாக உங்களை வாழவைத்த இந்தப் பள்ளியைவிட்டுப் பிரியும் இவ்வேளையில் உங்கள் உள்ளம் எப்படி இருக்கிறது?’ இதை நான் பொட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்டால், என் கேள்வி வெட்டப்பட்டு இந்தக் கேள்வி ஒட்டப்படும்; இதற்குப் பின்னால் அந்தப் பதினான்கு நொடி வரும். வெள்ளிக்கிழமை விழாவில் தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அரங்கமே பார்க்கும்: பள்ளியைப் பிரிய முடியாமல் ஓர் ஆயா அழுகிறாள். வாழவைத்த! யார் யாரை வாழவைத்தது? பினாயில் நெடியில் வெந்துபோன அந்த விரல் நகங்களை இந்தப் பள்ளி வாழவைத்ததா? மகளை உள்ளே விடாத வாசலை நினைத்து வடித்த கண்ணீரை எடுத்து, அந்த வாசலுக்கே தோரணமாகக் கட்டப்போகிறார்கள். பேசினால் பேச்சைத் திரிக்கலாம். பேச்சைத் திரித்தால், நான் அப்படிச் சொல்லவில்லை என்று எவரும் மறுக்கலாம். பேசாமல் இருந்ததைத் திரித்தால் எதைக் காட்டி மறுப்பது? வாயைத் திறக்காததற்குச் சாட்சி ஏது? ஒரு மனுஷியிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் உருவிக்கொள்கிறார்கள், உருவுவதற்கு என் நாக்கைக் கேட்கிறார்கள்.

“சார், இது நான் கேட்ட கேள்வி இல்லையே,” என்று சொல்லிப் பார்த்தேன், கால்மணி நேரத்துக்கு முன்பு. “நீ கேட்டதை விழாவில போட முடியுமா? தாளாளர் என்னை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புவார். அந்தம்மாவுக்கும் சங்கடம். இது எல்லாருக்கும் நல்லது.” எல்லாருக்கும் நல்லது. உன் நல்லதுக்குத்தான் சொல்லுகிறேன். இந்தப் பள்ளியில் நல்லது என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் ஓடி ஒளிய வேண்டும். நான் மாட்டேன் என்றால் என்ன செய்வார் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். “நீ சொல்லலைன்னா வேற யாரையாவது உட்காரவச்சுக்குவேன்மா. கேள்விக்கு உன் முதுகு தெரிஞ்சாப் போதும். எல்லாருக்கும் ரெட்டைச் சடைதான், பச்சை ரிப்பன்தான்.” உண்மை. நாற்பத்திரண்டு முதுகுகள். குரலுக்கு வேறு ஒரு ழகரம் கிடைக்கும். என் மறுப்பு ஒரு ரிப்பனின் விலைகூடப் பெறாது. இதுதான் என்னை எரிக்கிறது. கேட்டாலும் கெடும், கேட்காவிட்டாலும் கெடும், நான் வீரத்தோடு எழுந்து வெளியே நடந்தால் அந்த வீரத்துக்குப் பின்னால் அதே படம் அதே வெள்ளிக்கிழமை ஓடும். சரி, என் கேள்வியோடே ஓடட்டும் என்று போராடினால்? போராடி வென்றால்? அப்போது அது உண்மையாக இருக்கும். உண்மையாக இருக்கும் அல்லவா? இருக்கும். இருந்தும் வாசலில் முப்புடாதியம்மாள் சொன்னது இருக்கிறது. வாசலில் சொன்னதை இப்போது நினைக்கமாட்டேன். பொட்டைப் பார். பொட்டு சற்றே கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் ஓரம் உரிந்து நிற்கிறது. வியப்போடு ஒருமுறை தலையாட்டு. ஆட்டினேன். “சூப்பர்,” என்கிறார் சார். சன்னல் துணிக்கு வெளியே, காலி வராந்தாவில், விளக்குமாறு தரையில் உராயும் ஓசை தொடங்குகிறது: இழுப்பு, நிறுத்தம், இழுப்பு. சனிக்கிழமை மாலை பெருக்கல். நேர்காணலுக்காக உடுத்திய மஞ்சள் சேலையை மடித்து வைத்துவிட்டு, பழைய சேலையில் அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். ஒலிவாங்கியில் அந்த ஓசை விழுகிறதா என்று சார் காதுக் கருவியை அழுத்திக் கேட்கிறார். “அந்தம்மாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லணும்,” என்கிறார். சொல்லுங்கள். அவரைப் பற்றிய படம் எடுக்கிறோம், ஆகவே அவர் ஓசை எழுப்பக்கூடாது என்று போய்ச் சொல்லுங்கள்.

சொல்வதற்காகத் திரும்பியவரைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. தாளாளர். குரல் உடனே இரண்டு படி இறங்கியது. “ஐயா, வணக்கங்கய்யா. பிரமாதமா வந்திருக்குங்கய்யா. கண்ணீர் எல்லாம் இருக்குங்கய்யா.” சன்னலோரம் போய், துணியை விலக்கி சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நின்றுகொண்டே, எங்கள் பக்கம் திரும்பிக் கையால் காட்டினார்: அந்தத் துண்டை ஒருமுறை ஓட்டிப் பார், அதற்கேற்ற முகத்தோடு கேள். எழுந்தேன். கால் மரத்திருந்தது. ஷிபானா சிறு திரையை என் பக்கம் திருப்பி, பதினோராவது துண்டைத் தொட்டாள். முப்புடாதியம்மாளின் முகம் உள்ளங்கை அளவில் வந்தது. அரை மணிக்கு முன்பு நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஆகவே முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குமேல் பார்த்தார் என்று நினைத்தேனே, அது பிசகு. அவர் கேமராவைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி வில்லையை நேராக, பயத்தோடு, அதற்குப் பின்னால் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுபோல். யார் என்று எனக்குத் தெரியும். வாசலில் சொன்னார். இதற்குமேல் நினைக்காமல் இருக்க முடியாது, வா, வந்து தொலை. ஒலிவாங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டே, என் முழங்கையைப் பிடித்துச் சொன்னார். என்மேல் கோபம்கூட இல்லை அந்தக் குரலில், கெஞ்சல்தான் இருந்தது, இருபது அறை வாங்கியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “தாயி, அந்த அழுகை மட்டும் வேண்டாம் தாயி. எடுத்துரு. என் மக போன்ல பாப்பா. எதுக்கும்மா அழுதன்னு கேப்பா. நான் என்னத்தச் சொல்ல?” அதற்கும் நான் தலையாட்டினேன்.

என்னத்தைச் சொல்வார்? அட்டையில் உள்ள கேள்வியோடு பார்த்தால், தன்னை அந்தப் பள்ளியில் சேர்க்க வெட்கப்பட்ட தாய், அந்தப் பள்ளிக்காகவே அழுவதை மகள் பார்ப்பாள். என் கேள்வியோடு பார்த்தால், பதினாறு ஆண்டுகளாகத் தாய் தன் தலையில் சுமந்த பொய் ஊர் முன்னால் சிதறும்; சிதற வேண்டிய நாளும் இடமும் அவருடையவை, என்னுடையவை அல்ல. சாரும் நானும் ஒரே பானையில்தான் கை விட்டிருக்கிறோம். அவர் இப்போது விட்டார், நான் அரை மணிக்கு முன்பே விட்டேன். திரையின் மூலையில் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று இருக்கிறது. இன்னும் கணினியில் ஏற்றவில்லை. கேமராவின் இந்த நினைவுச் சில்லில் மட்டும்தான் இருக்கிறது. நான் எடுத்ததிலேயே மிகச் சிறந்த பதினான்கு நொடி. இனி ஒருபோதும் இப்படி எடுக்கமாட்டேன் என்று தெரிகிறது. மாவட்டப் போட்டி, நிமிர்ந்து உட்காரும் நடுவர்கள், கண்ணாடிக்கு முன்னால் நின்ற மூன்று ஆண்டுகள். தொட்டேன். உறுதியாகவா என்று கேட்டது கேமரா. இந்த அறையில் இன்று ஒருவரிடமாவது அப்படிக் கேட்டது அது மட்டும்தான். “ஏட்டி, என்ன செய்யுத? கேமரா என் பொறுப்புட்டி,” என்று ஷிபானா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “நான்தான்னு சொல்லுவேன்,” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சன்னலோரம் நின்ற சாரைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, முக்காலியின் திருகாணி ஒன்று தளர்ந்துவிட்டதுபோல் குனிந்து அதை முறுக்கத் தொடங்கினாள். எண்ணவில்லை நான். ஒன்றுகூட எண்ணாமல் அழுத்தினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சார் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு, “பார்த்தியா? இப்ப கேளு,” என்றார். “அந்தத் துண்டு இல்லை சார்,” என்றேன். அவர் கேமராவிடம் போனார். முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். பத்து, அதன்பின் பன்னிரண்டு, என் தலையாட்டல்கள். முகத்தின் வெளிச்சம் அணைவதைப் பார்த்தேன். “கைதவறிப் பட்டிருச்சா?” என்றார், அவர் கெட்டவர் அல்லர், தப்பிக்க வழி காட்டினார். “இல்லை சார். நான்தான் அழித்தேன்.” “ஏட்டி, சொல்லித் தொலைக்காத,” என்று ஷிபானாவின் மூச்சு மட்டும் கேட்டது. சார் மெல்ல நடந்து வந்து எனக்கு எதிரே இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முழுவதுமாக, சாய்ந்து உட்கார்ந்தார். பொட்டு அவர் தலைக்குப் பின்னால் மறைந்தது. “ஏன்?” என்றார். கேட்டுவிட்டு வாயை மூடினார்.

ஒன்று. என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று. என்னிடம் விடை இருந்தது. எழுவாய் பயனிலையோடு இருந்தது, மூச்சுவிடும் இடங்களோடு இருந்தது. அதைச் சொன்னால் இந்த அறையில் என்னைவிட நல்லவள் ஒருத்தி இருக்கமாட்டாள். ஆனால் அந்த விடையில் ஒரு மகள் இருந்தாள், ஒரு குழாயடி இருந்தது, எழுதாத தாயி என்ற சொல் இருந்தது. ஆறு. என் தம்பி இந்த இடத்தில்தான் அழுதான். ஏழு, எட்டு. நீதியைச் சொல்லாமல் அடக்குவதைவிடக் கோபத்தை அடக்குவது எளிதாக இருக்கும். வெளியே விளக்குமாறு இழுத்தது, நின்றது, இழுத்தது. பத்து. சாரின் புருவம் சற்றே ஏறியது. பலகையில் எழுதிய எண் அதுதான், அதற்கு மேல் அவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பன்னிரண்டு. வியர்வை ஒரு துளி கம்பிவழியே இறங்கியது. பதின்மூன்று. பதினான்கு. முப்புடாதியம்மாள் பேசியது இங்கே. நான் சாரின் கண்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. பதினைந்து. பதினாறு. அவர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார், விளிம்புவரைக்கும். பத்தொன்பதாவது நொடியில், “ஏதாவது சொல்லும்மா,” என்றார் இன்பராஜ் சார்.